நவநீதன் பேர் மேல் ஒரு கோடு

வில்லியனூர் கடைத்தெருவில் பைப்புக் கடை நவநீதனைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய சந்தேகத்தையும் தெரியும். கடையைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். கோயிலுக்குப் போனால் செருப்பை ஜோடியாக விட மாட்டார். வாசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான் என்பது அவர் நினைப்பு. "சாமி முன்னாடி நிக்கும்போதும் இந்த மனுஷனுக்கு ஒரு கண்ணு செருப்பு மேலதான்" என்று அவர் மனைவி செல்வகுமாரி யாரிடமும் சொல்லத் தயங்க மாட்டாள்.

இப்படிப்பட்ட ஆள் பேர் மேல்தானா அந்தக் கோடு வந்து விழ வேண்டும்? வேறு எவன் பேர் மேல் விழுந்திருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பான்.

கடை அவருடைய அப்பா ஜெகநாதன் ஆரம்பித்தது. மோட்டார், பி.வி.சி. பைப்பு, வால்வு, சொட்டுநீர்க் குழாய் என்று சுற்றுப்பட்டு விவசாயிகளுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். அப்பா காலமான பிறகு அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்தே நடத்தினார்கள். கடைத்தெருவில் இருந்த பழைய கடை நவநீதனுக்கு. பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்தது தம்பி தமிழ்ச்செல்வனுக்கு. ஜெகநாதன் விட்டுப்போன சட்டம் ஒன்று இரண்டு கடையிலும் உண்டு. எழுதினதை அழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் மேலே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். அடித்தது என்னவென்று யார் வேண்டுமானாலும் படிக்க முடிய வேண்டும். ரப்பரும் வெள்ளை மையும் கடைப் படி ஏறக் கூடாது. அதேபோல ஒரு ஆளோடு உறவு முடிந்துபோனால் அவர் பேர் மேலும் ஒரு கோடு விழும். கூட்டு வியாபாரத்தை விட்டு விலகினவன், செத்துப்போனவன், ஏமாற்றிவிட்டு ஊரை விட்டு ஓடினவன், எல்லோருக்கும் ஒரே கோடுதான்.

தமிழ்ச்செல்வனின் ஒரே மகள் தீபிகா. கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பாண்டிச்சேரி டவுனில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வெப் பக்கங்கள் செய்து கொடுக்கிற பெண். கடைக்கும் அவளே ஒரு பக்கம் செய்தாள். கடைப் பேர், சாமான்களின் படங்கள், கடைசியில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் விலாசம், அதற்குக் கீழே அண்ணன் தம்பி பேர். தம்பி பேரைத் தொட்டால் அவருக்குப் போன் போகும். அதனால் அதைப் பச்சைப் பொத்தானாக வைத்திருந்தாள். நவநீதன் தன் நம்பரைத் தர மாட்டேன் என்றுவிட்டார். கண்டவனெல்லாம் போனில் பேரம் பேசுவான், நம்பரை வைத்து எவன் என்ன செய்வானோ என்று பயம். ஆகவே அவர் பேர் பொத்தான் இல்லாமல் வெறும் எழுத்தாக நின்றது.

பழைய கடைக் கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறேன் என்று அதன் சொந்தக்காரர் சொன்னதும், நவநீதன் எதிர் வரிசையில் வேறு இடம் பிடித்தார். விலாசம் மாற வேண்டும். தீபிகாவைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னார். பழைய விலாசத்தை எடுத்துவிடாதே, செல்லிப்பட்டிலிருந்தும் சுத்துக்கேணியிலிருந்தும் வருகிறவர்களுக்கு அதுதான் பழக்கம், நம் வழக்கப்படி ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே புதுசைப் போடு. சரி பெரியப்பா என்றாள் தீபிகா. அன்றைக்குச் சாயங்காலம்தான் அவளைப் பெண் பார்க்கப் பாகூரிலிருந்து வந்தார்கள்.

பாகூரில் நெல் மண்டி வைத்திருக்கும் அரங்கநாதனும் அவர் மனைவி கோகிலாம்பாளும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை தமிழ்க்குமரன் கூச்சப்பட்டுக்கொண்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. வீட்டில் பேசிவிட்டு நல்ல நாள் பார்த்துப் போன் பண்ணுகிறோம் என்று எழுந்தார்கள். அவர்கள் வண்டி தெரு திரும்புவதற்குள் நவநீதன் நிச்சயதார்த்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அவருக்குக் குழந்தைகள் கிடையாது. இந்த வீட்டில் அவர் முன்னின்று நடத்தப்போவது இந்த ஒரு கல்யாணம்தான். ஜெகநாதன் இல்லாத வீட்டில் மூத்தவர்தானே சபையில் உட்கார்ந்து சம்பந்தியோடு தாம்பூலத் தட்டு மாற்ற வேண்டும்? அதற்கென்றே மறுநாள் போய்க் கரை போட்ட பட்டு வேட்டி ஒன்று வாங்கி வந்தார். பொண்ணுக்கே இன்னும் புடவை எடுக்கல, பெரியப்பாவுக்கு வேட்டி வந்தாச்சு என்று செல்வகுமாரி கேலி செய்தாள். அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். வேட்டியை மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்தார்.

அந்தச் சந்தோஷத்தில் மண் அள்ளிப் போட்டவர் செல்லிப்பட்டு அன்புராஜ். கரும்புக்குச் சொட்டுநீர்க் குழாய் வாங்க வந்த விவசாயி. புதுக் கடையைத் தேடுவதற்காகப் போனில் கடையின் பக்கத்தைத் திறந்திருக்கிறார். உள்ளே வந்ததும் வராததுமாகப் போனை நீட்டினார்.

"இன்னா மொதலாளி, உங்க பேரை அடிச்சி வெச்சிருக்காங்க? கடையை வுட்டு விலகிட்டீங்களா?"

நவநீதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பழைய விலாசத்தின் மேல் சாம்பல் நிறக் கோடு. சரி. அவர் சொன்னதுதான். அதற்குக் கீழே புது விலாசம். அதன் மேலும் கோடு. அதற்கும் கீழே நவநீதன். அந்தப் பேருக்குக் குறுக்கே, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, அதே கோடு. பக்கத்திலேயே தமிழ்ச்செல்வன் பேர், பச்சைப் பச்சேலென்று, மேலே ஒரு கீறல் இல்லாமல் நின்றது. எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் தம்பி பேரை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் இதற்கு என்ன அர்த்தம்?

அன்புராஜ் போனதும் தீபிகாவுக்குப் போன் போட்டார். அவள் அப்படியா பெரியப்பா என்று ஆச்சரியப்பட்டாள். அந்த ஆச்சரியமே அவருக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்றாள். சற்று நேரத்தில் அவளே கூப்பிட்டு, எடுத்துவிட்டேன், பாருங்கள் என்றாள். பார்த்தார். கோடு அப்படியே இருந்தது. மறுபடி சொன்னார். உங்கள் போனில் பழைய பக்கம் தங்கியிருக்கும், மூடிவிட்டுத் திறங்கள் என்றாள். மூடித் திறந்தார். போனையே அணைத்துப் போட்டார். அதுவும் போதாமல் பக்கத்து மருந்துக் கடைப் பெண் மகாலட்சுமியின் போனை வாங்கிப் பார்த்தார். அதிலும் இருந்தது. ஒரு போன் பொய் சொல்லலாம், இரண்டு போனும் சேர்ந்தா சொல்லும்?

மறுநாள் காலையில் பார்த்தபோது அவர் பேர் நீல நிறத்துக்கு மாறியிருந்தது. நல்ல அடர்த்தியான நீலம். கோடு மட்டும் பழைய சாம்பல் நிறத்திலேயே அதன் மேல் கிடந்தது. பேருக்குச் சாயம் பூசி, கோட்டைப் பளிச்சென்று தெரிகிற மாதிரி வைத்துக் கிண்டல் செய்கிறாளா? கலரை மாற்றத் தெரிந்தவளுக்குக் கோட்டை எடுக்கத் தெரியாதா? போனை எடுத்தார்.

"எடுத்துட்டேன் எடுத்துட்டேன்ங்கற. எனக்கு அப்படியேதானேம்மா தெரியுது?"

"நெஜமா எடுத்துட்டுதான் பெரியப்பா கீறேன். உங்க பேர்ல கோடு வேணாம்னே எழுதி வெச்சிருக்கேன். ஏன் போகலன்னு எனக்கே புரியல."

புரியவில்லை என்று அவள் உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் உண்மை போய்ச் சேர்ந்த காது அப்படிப்பட்டது. பிள்ளை இவ்வளவு தடுமாறுகிறதென்றால் யாரோ சொல்லிக் கொடுத்துச் செய்கிறது என்று நவநீதன் முடிவு கட்டிவிட்டார். சொல்லிக் கொடுத்தவன் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வாழ்க்கையில் அவர் சந்தேகப்படாமல் நம்பின ஒரே விஷயம் அதுதான்.

அதற்குப் பிறகு கண்ணில் படுவதெல்லாம் சாட்சியாகிவிட்டது. எதிர் வரிசைப் புதுக் கடைக்குப் பெயர்ப் பலகை எழுதக் கொடுத்திருப்பதாகத் தமிழ்ச்செல்வன் சொன்னாரே, அதில் யார் பேர் இருக்கிறது? போன வாரம் தம்பி வீட்டுக்குள் இவர் நுழைந்ததும் அப்பாவும் மகளும் பேச்சை நிறுத்தினார்களே, ஏன்? கட்டடம் இடிக்கிறார்கள் என்ற செய்தியையே முதலில் கொண்டுவந்தது தம்பிதானே? பொண்ணு மாப்பிள்ளையைப் பத்தி அப்பன்கிட்ட பேசிக்கினு இருந்திருக்கும், உங்களைப் பாத்ததும் வெக்கப்பட்டு நிறுத்தியிருக்கும் என்றாள் செல்வகுமாரி. நேராகத் தம்பியிடம் கேட்டுவிடுங்கள் என்றும் சொன்னாள். நவநீதன் கேட்க மாட்டார். கேட்டால் உஷாராகிவிடுவானாம். கூடப் பிறந்த தம்பியைப் பற்றி ஒரு மனுஷனுக்கு இப்படியும் புத்தி போகும்.

இந்த நிலையில் பாகூர் அரங்கநாதன் அவர் கடைக்கு வந்தார். வில்லியனூரில் ஒரு வேலையாக வந்தேன், அப்படியே உங்களையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தார். சம்பந்தம் செய்கிறவர்கள் இப்படி வருவதுண்டு. நாலு பேரிடம் விசாரிப்பதைவிடக் குடும்பத்தின் மூத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பது மேல். டீ குடித்தார், மழை இல்லாததைப் பற்றிப் பேசினார், பிறகு மெதுவாகக் கேட்டார்: எங்களுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்திருக்கிறது, பெரியப்பாவாக நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நல்ல பெண் என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அப்போது பார்த்து நவநீதனின் கண் மேஜை மேல் கிடந்த போனுக்குப் போயிற்று.

"நல்ல பொண்ணுதான். ஆனா சொல்றது ஒண்ணு, செய்றது ஒண்ணா இருக்கும். நீங்க கேட்டதால சொல்றேன். பாத்துக்குங்க."

அரங்கநாதன் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மிச்ச டீயை வைத்துவிட்டு எழுந்தார். படி இறங்குகிற அவருடைய முதுகைப் பார்க்கும்போதே நவநீதனுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. கூப்பிடத்தான் நினைத்தார். ஆனால் மனசுக்குள் இருந்த இன்னொருவன், நீ பொய்யா சொன்னாய், உள்ளதைத்தானே சொன்னாய் என்றான். கூப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம் தீபிகா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். தோளில் லேப்டாப் பை. வெயிலில் முகம் சிவந்திருந்தது. கடைக்குள் வந்ததும் பி.வி.சி. பைப்புக் கட்டின் மேலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். கண்டுபிடித்துவிட்டேன் என்றாள். நவநீதன் நம்பாமல்தான் கிட்டே போனார்.

"கோடு உங்க பேர்ல இல்லவே இல்ல பெரியப்பா" என்றாள். "விலாசமும் உங்க பேரும் ஒரே கட்டத்துக்குள்ள கீது. அன்னிக்கி அவசரத்துல நான் அந்தக் கட்டத்துக்கே கோடு போட்டுட்டேன். வெளிய கட்டத்துல போட்ட கோடு உள்ள இருக்கற எல்லா எழுத்து மேலயும் ஓடும். உங்க பேர்கிட்ட போயி கோடு வேணாம்னு எத்தனை வாட்டி எழுதினாலும் போகாது. அது அந்தப் பேரோட கோடு இல்லையே. நானும் உங்க பேரையே பாத்துக்கினு இருந்தேன், வெளிய பாக்கவே இல்ல. எங்க போட்டமோ அங்கதான் எடுக்கணும்."

எழுத்துக்கு நிறம், அளவு, கோடு எல்லாம் சொல்கிற அந்த மொழிக்குச் சி.எஸ்.எஸ். என்று பேராம். அதில் நிறம் ஒரு மாதிரி, கோடு ஒரு மாதிரி. நிறம் வெளியிலிருந்து உள்ளே இறங்கினாலும், உள்ளே இருப்பதற்குத் தனியாக வேறு நிறம் சொன்னால் கேட்டுக்கொள்ளும். அதனால்தான் அவர் பேர் நீலமாயிற்று. அவரைக் கிண்டல் செய்ய அல்ல, எது மாறுகிறது எது மாறவில்லை என்று சோதித்துப் பார்க்கத்தான் மாற்றினாளாம். கோடு அப்படிக் கேட்காது, கட்டத்தின் நிறத்திலேயே குறுக்கே போய்க்கொண்டிருக்கும்.

"அப்ப உங்க அப்பன் பேருக்கு மட்டும் ஏன் வரல?" இதைக் கேட்டுவிட்டால் அவள் மாட்டிக்கொள்வாள் என்று கடைசிவரை வைத்திருந்த கேள்வி அது.

அவள் சட்டென்று சொன்னாள். அப்பா பேர் பொத்தான். பொத்தான் தனிப் பெட்டியாக நிற்கும், வெளியே போட்ட கோடு அதற்குள் போகாது. நீங்களும் நம்பர் கொடுத்திருந்தால் உங்களுக்கும் பொத்தான்தான் வைத்திருப்பேன், உங்கள் பேருக்கும் வந்திருக்காது என்றாள். குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. கண்டுபிடித்த சந்தோஷத்தில் சொன்னாள். அவர் கண் முன்னாலேயே கட்டத்திலிருந்த கோட்டை எடுத்துப் பழைய விலாசத்தின் எழுத்துக்கு மட்டும் போட்டாள். அவர் பேர் சுத்தமாக, நீலமாக நின்றது.

நவநீதன் கண்ணாடியைக் கழற்றினார். அடிக்கச் சொன்னது அவர். நம்பர் தர மாட்டேன் என்றது அவர். இந்தக் குழந்தை இரண்டு நாளாக இதோடு மாரடித்திருக்கிறது, இவர் அதை உட்கார்ந்து வேவு பார்த்திருக்கிறார். அவமானமாக இருந்தது.

லேப்டாப்பை மூடிவிட்டு அவள் எழுந்திருக்கவில்லை. பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டே, "பாகூர்லேந்து உங்களுக்கு ஏதாவது போன் வந்துச்சா பெரியப்பா?" என்று கேட்டாள். "நேத்து கூப்பிடறேன்னு சொல்லியிருந்தாங்க. அப்பா போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்கறாங்க. அம்மா காலைலேந்து சாப்பிடல."

இல்லையே என்றார். குரல் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் வண்டி போனதும் ஷட்டரை இறக்கிவிட்டுத் தன் மொபெட்டை எடுத்தார். பூட்டை ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கவில்லை. கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூருக்குப் போகும்வரை என்ன சொல்வது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். இரண்டு பக்கமும் கரும்பு நின்றது. ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை.

அரங்கநாதன் மண்டியில் இருந்தார். ஆள் அனுப்பி அவரை வீட்டுக்கு வரவழைத்தாள் கோகிலாம்பாள். நவநீதனுக்கு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. நவநீதன் சொன்னார். பெண் தங்கமான பெண், நான் நேற்று சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். படித்த பெண், சொன்ன சொல் தவறாதவள், எல்லோரிடமும் மரியாதை. எதுவும் ஏறவில்லை.

கோகிலாம்பாள் கோபப்படாமல்தான் பேசினாள். "நேத்து அப்படிச் சொன்னீங்க. இன்னிக்கி வந்து எடுத்துட்டேன்றீங்க. எங்க மனசுல அப்படியேதானேண்ணா கீது?"

அது நவநீதனுடைய வார்த்தை. அந்தப் பெண்ணிடம் போனில் அதட்டிய அதே வார்த்தை. அவளைப் பற்றி எத்தனை நல்லது சொன்னாலும் இது போகாது. கோடு அவள் மேலா இருக்கிறது, அங்கே போய் எடுப்பதற்கு?

"அம்மா, தப்பு அந்தப் பொண்ணுகிட்ட இல்ல. என் புத்தில கீது" என்றார். "என் தம்பி என்னைக் கடையை விட்டுத் தள்ளப் பாக்கறான்னு நெனச்சிக்கினு இருந்தேன். அதை அவன்கிட்ட கேக்கத் தைரியம் இல்லாம அவன் பொண்ணு மேல போட்டேன். அவ ஒண்ணும் செய்யல."

பிறகு கோட்டின் கதையை முழுக்கச் சொன்னார். தான் அடிக்கச் சொன்னது, நம்பர் தராதது, மருந்துக் கடைப் போனில் சோதித்தது, எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல எவ்வளவு அற்பமான விஷயம் என்று அவருக்கே தெரிந்தது. அரங்கநாதன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கோகிலாம்பாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: இது உங்கள் தம்பிக்குத் தெரியுமா?

தெரியாது. அங்கேயே போனை எடுத்தார். அவர்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுத் தமிழ்ச்செல்வனைக் கூப்பிட்டார். பாகூரில் இருக்கிறேன் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தார். ஆள் இருக்கிறாரா என்று போனைப் பார்த்தார். இருந்தார்.

"பலகைல உன் பேரைத்தாண்ணா மொதல்ல எழுதச் சொல்லியிருக்கேன்" என்றார் தமிழ்ச்செல்வன். "தீபிகா பக்கத்துலதான் கீறா. அவளும் கேட்டுட்டா."

அவள் ஏதாவது சொல்வாள் என்று நவநீதன் காத்திருந்தார். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. போன் வைக்கப்பட்டது.

கோகிலாம்பாள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் காபி இருந்தது. அவர் முன்னால் வைத்தாள்.

"பொண்ணை நாங்க பாத்துட்டோம், எங்களுக்குப் பிடிச்சிருக்கு. வெள்ளிக்கெழமை வந்து நாள் குறிக்கிறோம். உங்க தம்பிக்கு நாங்களே சொல்லிக்கறோம்." காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "தட்டு மாத்தறது மட்டும் பொண்ணோட அப்பாவே மாத்தட்டும்ணா. தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க பக்கத்துப் பெரியவங்களுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. நீங்க சபைல உக்காந்தா எல்லார் மனசுலயும் இதான் ஓடும்."

அரங்கநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நவநீதன் கையைக் காட்டி வேண்டாம் என்றார். அந்த அம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சரிம்மா என்று சொல்லிக் காபியைக் குடித்தார். சூடு தெரியவில்லை.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்திருந்தார்கள். வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் நின்றபடியே போனைத் திறந்து பக்கத்தைப் பார்த்தார். பழைய விலாசத்தின் மேல் மட்டும் கோடு. அவர் பேர் நல்ல நீலத்தில், ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாரோ, செல்வகுமாரி வந்து இன்னாங்க அங்கயே நின்னுட்டீங்க என்றாள்.

உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து பட்டு வேட்டியை எடுத்தார். மடிப்புக் கலையாமல் அவள் கையில் வைத்தார்.

"இதைத் தம்பி வூட்ல குடுத்துட்டு வா. நிச்சயத்துக்கு அவன் கட்டிக்கட்டும்."

வாய் ஓயாமல் கேலி பேசுகிற செல்வகுமாரி அவர் முகத்தைப் பார்த்தாள். வேட்டியை ஒரு பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.